தெரேஸா கெஸோவியாவை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்: பாரிஸா, யூரோவிஷனா, ஸ்ப்லிட்டா, ஒலிம்பியாவா?

1960-களின் தொடக்கத்திலிருந்து பாடி வந்த ஒரு பாடகியின் பெயரை ஸ்ட்ரீமிங் செயலியில் தட்டினால் முதலில் வரும் பத்துப் பாட்டும் வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கும். எது இருபத்தேழு வயதுக் குரல், எது ஐம்பது வயதுக் குரல், எது பிற்காலத்தில் புதிதாகப் பாடிச் சேர்த்தது என்று திரையில் எழுதியிருக்காது. குரோஷியாவின் தெரேஸா கெஸோவியா விஷயத்தில் இந்தக் குழப்பம் இரண்டு மடங்கு. அவருக்குப் பிரெஞ்சில் ஒரு வாழ்க்கை, குரோஷிய மொழியில் இன்னொரு வாழ்க்கை. பிரான்சில் வெளிவந்த இசைத்தட்டுகளில் அவர் பெயரே பாதிதான் இருக்கும்.

உள்ளே போக நான்கு வாசல்கள் உண்டு: 1960-களின் பாரிஸ் பதிவுகள், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் பாடிய இரண்டு பாட்டுகள், குரோஷியக் கடற்கரை நகரமான ஸ்ப்லிட்டின் விழாப் பாடல்கள், பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் 1988-இல் பதிவான கச்சேரி. பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடலாம். யூரோவிஷனைச் சாம்பிளாக ருசி பாருங்கள், ஸ்ப்லிட் வழியாக உள்ளே நுழையுங்கள், ஒலிம்பியாவில் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள், பாரிஸைக் கடைசிக்கு வையுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிரெஞ்சு பழகிய ஓசை என்பதால் அங்கே ஆரம்பித்து, 'நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் இதில் என்ன விசேஷம்' என்று பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

பெயரை முதலில் சரி செய்துகொள்வோம். குரோஷிய எழுத்தில் 'ஜே' என்பது 'ய' ஒலி. எழுத்தைப் பார்த்து 'கெஸோவிஜா' என்று படித்தால் தவறு, கெஸோவியாதான் சரி.

1938 அக்டோபர் 3-ஆம் தேதி டுப்ரோவ்னிக்கில் பிறந்தவர். குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப் போய்ப் புல்லாங்குழல் படித்தார். அது மேற்கத்தியப் புல்லாங்குழல். ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசிப்பது. இதை வெறும் வாழ்க்கைக் குறிப்பு என்று தள்ளிவிட வேண்டாம். நீண்ட வரியை நடுவில் மூச்சு வாங்காமல் இழுத்து, கடைசிச் சொல்லுக்குப் போதுமான காற்றை மிச்சம் வைத்திருப்பது இவருடைய முத்திரை. குழல் வாசிப்பவர்கள் முதலில் பழகுவதும் அதைத்தான். 1962-இல் இத்தாலியின் சேன் வின்சென்ட் விழாவில் பரிசு பெற்றார். 1965-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். தலைமுறையில் அவருக்கு மூத்தவரான இவோ ரோபிச் ஜெர்மன் மொழியில் பாடி, 1959-இல் 'மோர்கன்' பாட்டால் ஜெர்மனியில் பெரிய பெயர் வாங்கியிருந்தார். குரோஷியா அன்று சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவிலிருந்து மேற்கே போய்ப் பாடுவது அப்போது கேள்விப்படாத காரியமில்லை.

பாரிஸ்

பாரிஸ் பதிவுகளின் நல்ல பக்கம் ஒலித் தரம். அன்றைய பிரெஞ்சு ஸ்டுடியோக்களில் வயலின் வரிசை, பின்னணிக் குழு, குரல் எல்லாம் அதனதன் இடத்தில் தெளிவாக நிற்கும். 'டாக்டர் ஷிவாகோ' படத்துக்கு மொரீஸ் ஜார் போட்ட லாராவின் மெட்டைத் தெரேஸா பிரெஞ்சில் பாடியிருக்கிறார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் குரலை மட்டும் தனியாகக் கவனிக்க வசதி. பல்லவி மேலே ஏறும் இடத்தில் பலர் குரலை மெலிதாக்கித் தப்பிப்பார்கள். இவர் முழு நெஞ்சுக் குரலோடு ஏறுவார்.

குறை எங்கே என்றால், இவை அன்றைய பாரிஸ் சந்தைக்கு ஏற்ற பாட்டுகள். அதே ஆண்டுகளில் அதே பாணியில் பாடிய பெண் குரல்கள் அந்த ஊரில் டஜன் கணக்கில் இருந்தன. லாரா மெட்டைப் பிரெஞ்சில் பாடியவரும் இவர் ஒருவர் மட்டும் இல்லை. கூட்டத்தில் நின்று நன்றாகப் பாடும் ஒருவரைத்தான் இங்கே கேட்கிறோம். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் 60-களின் ஆர்க்கெஸ்ட்ரா பாப் பிடித்தவர்களுக்கும் இது குறையாகவே தெரியாது. மற்றவர்களுக்கு மூன்றாவது பாட்டிலேயே எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும்.

தேடுவதில் ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சு வெளியீடுகளில் பெரும்பாலும் 'தெரேஸா' என்ற முதற்பெயர் மட்டுமே அச்சாகியிருக்கும், சிலவற்றில் 'இ' எழுத்துகளின் தலையில் பிரெஞ்சுச் சாய்கோட்டோடு. முழுப் பெயரில் தேடினால் இவை நழுவிப் போகும். முதற்பெயரோடு பாட்டுத் தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள். அக்காலப் பிரெஞ்சு வழக்கம் நான்கு பாட்டு கொண்ட ஏழு அங்குல இ.பி. தட்டு. ஒரு பாட்டு கிடைத்தால் அதே தட்டின் மற்ற மூன்றையும் தலைப்பு வைத்துத் தேடிப் பிடிக்கலாம். குரோஷியாவில் வந்த தொகுப்புகளில் இந்தப் பிரெஞ்சுப் பாட்டுகள் முழுதாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

யூரோவிஷன்: பூஜ்யமும் எண்பத்தேழும்

யூரோவிஷனில் தெரேஸா இரண்டு முறை பாடினார். 1966 மார்ச் 5, லக்சம்பர்க்: மொனாக்கோ நாட்டுக்காக, 'பியான் ப்ளு ஃபோர்' என்ற பிரெஞ்சுப் பாட்டு. 1972 மார்ச் 25, எடின்பரோ: யூகோஸ்லாவியாவுக்காக, 'முஸிகா இ தி' (இசையும் நீயும்). முதலாவதுக்குப் பூஜ்யம். இரண்டாவதுக்கு 87 புள்ளி, ஒன்பதாம் இடம். ஆறே ஆண்டில் பிரமாதமான முன்னேற்றம் என்று இதைப் படித்தால் ஏமாந்துபோவோம். மாறியது மதிப்பெண் முறை.

1966-இல் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் தனக்குப் பிடித்த மூன்றே மூன்று பாட்டுகளுக்கு 5, 3, 1 என்று புள்ளி கொடுத்தது. பதினெட்டு நாடுகள் போட்டியில் இருந்தன. எல்லா நாட்டுக்கும் நான்காவதாகப் பிடித்த பாட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கிடைப்பது பூஜ்யம். அன்றிரவு இத்தாலிக்காகப் பாடிய தொமேனிகோ மொதுன்யோவுக்கும் பூஜ்யம்தான். சில வாரங்களுக்கு முன் இத்தாலியின் சான்ரேமோ பாட்டு விழாவை வென்ற பாட்டோடு வந்திருந்தார் அவர். பூஜ்யம் வாங்கியோர் பட்டியலில் மொதுன்யோவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைப்பதை அவமானம் என்று சொல்ல முடியாது.

1972-இல் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு நடுவர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாட்டுக்கும் 1 முதல் 5 வரை கட்டாயம் போட வேண்டும். தன் நாட்டை விட்டு மீதி 17 நாடு, 34 நடுவர். ஆக, எவ்வளவு மோசமாகப் பாடினாலும் 34-க்குக் கீழே போக வழியில்லை, உச்சம் 170. வென்ற விக்கி லியாண்ட்ரோஸ் வாங்கியதே 128. இந்த அளவுகோலில் 87 என்பது நடுவில் நிற்கும் எண். நடுவர்கள் 'பரவாயில்லை' என்றார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் புள்ளிகளை வைத்து எதைக் கேட்பது என்று முடிவு செய்யாதீர்கள். யூரோவிஷனின் பயன் வேறு. பாட்டுக்கு மூன்று நிமிடம் என்பது போட்டி விதி; இரண்டும் சேர்ந்து ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டும் நேரடி ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடியவை. 1966 ஒளிபரப்பு கறுப்பு வெள்ளை, 1972 வண்ணம். அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் ஆறு ஆண்டில் அந்தக் குரல் என்ன ஆனது என்று பளிச்சென்று புரியும். முதலாவதில் பாட்டுக்குள் அடங்கிப் பாடுகிறார். இரண்டாவதில் பாட்டை இவர் ஓட்டிச் செல்கிறார். 'முஸிகா இ தி'க்கு இசை நிகிட்சா கலோக்யேரா. மருத்துவம் படித்தவர். தெரேஸாவின் குரல் எங்கே திறக்கும் என்று நன்றாகத் தெரிந்தே அந்தப் பல்லவியைக் கட்டியிருக்கிறார். எடின்பரோவில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவரும் அவரே.

இந்த இரண்டையும் தேடும்போதும் 'தெரேஸா' என்ற முதற்பெயர்தான் உதவும். போட்டிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. மொனாக்கோவுக்காக ஒரு யூகோஸ்லாவியர் எப்படிப் பாடினார் என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சின்ன நாடு பாரிஸ் இசைத்தட்டு உலகிலிருந்தே பாடகர்களை எடுத்துக்கொள்வது வழக்கம். 1971-இல் மொனாக்கோவுக்குக் கோப்பை வாங்கித் தந்த செவெரினும் பிரெஞ்சுக்காரர்தான். குரோஷியாவுக்காக 2006-இல் பாடிய செவெரினா வேறு ஆள். தேடலில் இரண்டு பேரும் கலந்து வருவார்கள்.

ஸ்ப்லிட்

1960-இல் தொடங்கிய ஸ்ப்லிட் விழா ஏட்ரியாட்டிக் கரைப் பாட்டுக்கான மேடை. ஸாக்ரெப் விழாவும் ஒபாத்தியா விழாவும் அதற்கு மூத்தவை. ஆனால் கடல், படகு, கல் பாவிய சந்து, கரையோரப் பேச்சுமொழி எல்லாம் பாட்டுக்குள் தயக்கமில்லாமல் வந்து உட்கார்ந்த இடம் ஸ்ப்லிட். தெரேஸா இங்கே 1970-இல் பாடிய 'நோனோ, மோய் தோப்ரி நோனோ' (தாத்தா, என் நல்ல தாத்தா) இவரை அறிய முதலில் கேட்க வேண்டிய பாட்டு. 'நோனோ' என்ற சொல்லே ஸாக்ரெப் பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை. அங்கே தாத்தாவுக்கு 'தியெத்'. கரையோர மக்கள் இத்தாலியப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. பாரிஸில் ஐந்து ஆண்டு பாடிவிட்டு வந்தவர் வாயில் அந்த ஒரு சொல் விழுந்ததும் ஊர்க்காரர்களுக்கு வேறு எதுவும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

மொழி தெரியாதவர்களும் இந்தப் பேச்சு வேற்றுமையைக் காதால் பிடிக்கலாம். மூன்று சொல் போதும். நேரம் என்பதற்குச் செந்தர குரோஷியத்தில் 'வ்ரியெமெ', ஸ்ப்லிட் பக்கம் 'வ்ரிமெ', செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் 'வ்ரெமெ'. அழகாக என்பதற்கு அதே வரிசையில் 'லியெபோ', 'லிபோ', 'லெபோ'. 'என்ன' என்பதற்குச் செந்தரத்தில் 'ஷ்தோ', ஸ்ப்லிட்டைச் சுற்றிய கரைப் பகுதியான டால்மாசியாவின் தீவுகளில் 'சா', ஸாக்ரெப் பக்கம் 'காய்'. ஒரு பாட்டில் 'லிபோ', 'வ்ரிமெ' என்று காதில் விழுந்தால் அது பெரும்பாலும் டால்மாசியப் பேச்சில் எழுதிய பாட்டாக இருக்கும். தெரேஸாவின் சொந்த ஊரான டுப்ரோவ்னிக் கரையோர நகரம்தான். ஆனால் அதன் பேச்சு 'ஷ்தோ'வும் 'லியெபோ'வும் சேர்ந்த கட்சி. ஸ்ப்லிட் பாட்டுகளில் இவர் பாடுவது பக்கத்து வீட்டுப் பேச்சு. கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டால் அந்த இடைவெளியும் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இதயம் என்பதற்குக் குரோஷியத்தில் 'ஸ்ர்ட்செ'. முதல் அசையில் உயிரெழுத்தே கிடையாது. 'ர்'தான் உயிர் வேலையைச் செய்கிறது. காதல் பாட்டில் இந்தச் சொல் வராமல் இருக்காது. நீண்ட ஸ்வரம் அதன்மேல் விழுந்தால் பாடகர் 'ர்'ரையே இழுத்தாக வேண்டும். சாதாரணப் பாடகர்கள் நடுவே ஒரு 'அ'வைச் செருகி ஒப்பேற்றுவார்கள். தெரேஸா எப்படிச் சமாளிக்கிறார் என்பதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாசலில் கால் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, இரட்டைப் பாடகர் வழக்கம். சான்ரேமோவைப் பார்த்து யூகோஸ்லாவிய விழாக்களும் ஒரே புதுப் பாட்டை இரண்டு வெவ்வேறு பாடகர்களைக் கொண்டு பாட வைத்தன. பாட்டு போட்டியிடுகிறது, பாடகர் அல்ல என்பது கணக்கு. அதனால் 60-களின் விழாப் பாட்டுக்கு இரண்டு 'முதல்' பதிவுகள் இருக்கலாம். தலைப்பு சரியாக இருந்தும் குரல் வேறாக இருந்தால் நீங்கள் ஏமாற்றப்படவில்லை. மற்றவரின் பதிவைப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டாவது, விழா மேடைப் பதிவும் ஸ்டுடியோப் பதிவும் ஒரே தலைப்பில் சுற்றுகின்றன. கைதட்டல் வெட்டப்பட்ட மேடைப் பதிவை அடையாளம் காண முடிவைக் கேளுங்கள்: ஸ்டுடியோப் பதிவு பெரும்பாலும் மெல்லத் தேய்ந்து மறையும், மேடைப் பதிவு ஓங்கி அடித்து நிற்கும். மூன்றாவது, பிற்காலத்து மறுபதிவு. இதைத்தான் கண்டுபிடிப்பது கடினம், கீழே சொல்கிறோம்.

ஒவ்வொன்றாகத் தேட அலுப்பாக இருந்தால் 1980-இல் வந்த 'மோயா ஸ்ப்லிட்ஸ்கா ல்யெதா' (என் ஸ்ப்லிட் கோடைகள்) ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பெயரே உள்ளடக்கத்தைச் சொல்லிவிடுகிறது. எங்களைக் கேட்டால் ஆல்பத்துக்கு முன் 'நோனோ'வின் பழைய பதிவைத் தனியாக ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஒலிம்பியா, 1988

பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் 1988-இல் தெரேஸா நடத்திய கச்சேரி இசைத்தட்டாக வந்திருக்கிறது. வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் பூஜ்யம் வாங்கியதும் பிரெஞ்சில்தான். அந்த மொழியின் பெயர்பெற்ற மேடைக்கு இப்போது தன் பெயரை மட்டும் நம்பி வந்து நிற்கிறார். கேட்பதற்கான காரணம் இந்தக் கதை மட்டும் இல்லை. இங்கே அவருடைய இரண்டு மொழி வாழ்க்கையும் ஒரே மாலைக்குள் வருகிறது. ஸ்டுடியோவில் மூன்று நிமிடத்துக்குள் அடைபட்டிருந்த குரலுக்கு மேடையில் தேவையான இடம் கிடைக்கிறது. குரல் தடித்திருக்கிறது, கீழ் ஸ்வரங்களில் ஒரு கரகரப்பு ஏறியிருக்கிறது; 1966-இன் வழவழப்பு இல்லை. எங்களுக்கு இந்தக் குரல்தான் பிடிக்கும்.

பாதகமும் உண்டு. மேடைப் பதிவுக்கே உரிய மிகை இதில் தாராளம். ஒவ்வொரு முடிவும் உச்சத்துக்குப் போகும், ஆர்க்கெஸ்ட்ராவும் சளைக்காமல் முழங்கும். காரில் பின்னணியாக ஓடவிட்டால் இருபதாம் நிமிடத்தில் களைப்பாக இருக்கும். இதை உட்கார்ந்து, வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும். பாட்டுகளைப் பிய்த்துப் பிளேலிஸ்டில் போட்டால் கைதட்டல் நடுவில் வெட்டுப்படும். மெல்லிய தொடக்கம் முந்தைய பாட்டின் முழக்கத்துக்குப் பின்னால் கேட்காமலே போகும். செயலியில் 'கேப்லெஸ்' (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத) வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது மெல்லிய பாட்டை உயர்த்தி, உரத்த பாட்டைத் தாழ்த்தி, கச்சேரியின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும்.

1989-இல் வந்த 'மோல்பா ஸா மக்தலேனு' (மக்தலேனாவுக்காக ஒரு வேண்டுதல்) இதே முதிர்ந்த குரலின் ஸ்டுடியோ வடிவம். ஒலிம்பியா பிடித்தால் அடுத்து அதைக் கேட்கலாம். 80-களின் செயற்கை எதிரொலி டிரம்ஸ் மீது கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பிறகு 1991. யூகோஸ்லாவியா உடைந்த போரில், பெல்கிரேடைத் தலைமையிடமாகக் கொண்ட யூகோஸ்லாவிய ராணுவம் டுப்ரோவ்னிக்கை முற்றுகையிட்டபோது நகருக்குத் தெற்கே உள்ள கொனாவ்லே பகுதியில் இருந்த அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் செர்பியாவில் பாடவில்லை. 2011-இல்தான் பெல்கிரேடின் சவா மையத்தில் மேடையேறினார். கேட்பவர்களுக்கு இதனால் வந்த நடைமுறை விளைவு ஒன்று உண்டு. ஒரே நாடாக இருந்தபோது வந்த பதிவுகளின் உரிமை பிறகு தனித்தனி நாட்டு நிறுவனங்களிடம் போனது. ஸாக்ரெபில் 1947-இல் தொடங்கிய யூகோடோன் நிறுவனம் 90-களின் தொடக்கத்தில் குரோவாட்சியா ரெக்கார்ட்ஸ் ஆனது. யூகோடோன் பழைய தட்டுகளின் இன்றைய வாரிசு அதுதான். பெல்கிரேடில் அச்சான தட்டுகள் வேறு கணக்கில் இருக்கும். இரண்டு நிறுவனத்துக்கும் பாடிய எந்தப் பாடகரின் தொகுப்பிலும் ஓட்டை விழுவது இதனால்தான்.

எதில் கேட்பது

ஸ்ட்ரீமிங்கில் ஆரம்பிப்பதில் தவறில்லை. செலவில்லை, சாம்பிள் பார்க்கலாம். ஆனால் திரையில் தெரியும் ஆண்டை நம்ப வேண்டாம். 2005 என்று போட்டிருப்பது அந்தத் தொகுப்பு வெளியான ஆண்டாக இருக்கும். உள்ளே இருக்கும் பாட்டு 1970-இல் பதிவானதாக இருக்கலாம், அல்லது 1998-இல் மறுபடி பாடியதாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரே பாட்டு இருக்கும் மூன்று தொகுப்புகளைத் திறந்து நிமிடக் கணக்கை ஒப்பிடுங்கள். ஓரிரு நொடி வித்தியாசம் என்றால் ஒரே பதிவு. பதினைந்து, இருபது நொடி என்றால் வேறு பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம்; அப்போது டிரம்ஸைக் கேளுங்கள். 1970 பதிவில் டிரம்ஸ் ஒரு பக்கமாக, உலர்ந்து, பின்னால் இருக்கும். மறுபதிவில் நடுவே வந்து முன்னால் நின்று அடிக்கும், வயலின்களுக்குப் பதில் கீபோர்டு கேட்கும். இந்தச் சோதனை அநேகமாகத் தவறுவதில்லை.

எழுத்துப் பிரச்சினையும் உண்டு. குரோஷிய எழுத்தில் சி, எஸ், இசட் ஆகியவற்றின் தலையில் சிறு கொக்கி போட்டு எழுதும் ஒலிகள் இருக்கின்றன. பெரிய செயலிகளில் கொக்கி இல்லாமல் தட்டினாலும் கிடைத்துவிடும். பழைய இசைத்தட்டு விற்கும் தளங்களில் அப்படி இல்லை. ஒருமுறை கொக்கியோடும் ஒருமுறை இல்லாமலும் தேடுங்கள்.

சி.டி. வாங்குவதானால் அட்டையில் 'ஒரிகினால்னிஹ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'அசல்' என்று பொருள். பழைய நாடாவிலிருந்தே எடுத்த தொகுப்பு என்பதற்கு அடையாளம். இல்லையென்றால் பின்னட்டையில் பாட்டுக்குப் பாட்டு ஆண்டு போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்கள். ஆண்டே இல்லாத 'சிறந்த பாடல்கள்' சி.டி.யை விட்டுவிடுவது நல்லது.

இனி இசைத்தட்டு. யூகோடோன் தட்டுகளின் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இ-பி-ஒய் என்றால் நான்கு பாட்டு கொண்ட ஏழு அங்குலம். எஸ்-ஒய் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு கொண்ட சிங்கிள். எல்-பி-ஒய் என்பதும் எல்-எஸ்-ஒய் என்பதும் முழு ஆல்பம் கொண்ட பெரிய எல்.பி. தட்டுகள், பின்னது ஸ்டீரியோ. 60-களின் விழாப் பாட்டு அசல் வடிவில் வேண்டுமென்றால் இ-பி-ஒய், எஸ்-ஒய் பக்கம் தேடுங்கள். அப்போது பாட்டு முதலில் வந்தது அதில்தான், எல்.பி. பிறகு வந்தது.

தரக் குறிப்பில் 'வி.ஜி.' என்று இருப்பதை 'மிக நன்று' என்று நேரடியாகப் பொருள் கொண்டு வாங்கிவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள் அதிகம். விற்பனைப் பேச்சில் அது கீறலும் இரைச்சலும் தெளிவாகக் கேட்கும் தட்டு. ராக் இசையில் அந்த இரைச்சல் மறைந்துவிடும். தெரேஸாவின் பாட்டுகளோ பெரும்பாலும் ஒற்றைக் கிட்டார் அல்லது மெல்லிய வயலினோடு தொடங்குபவை. பொறி பறப்பது போன்ற சத்தம் சரியாக அந்த இடத்தில்தான் கேட்கும். 'வி.ஜி. பிளஸ்'ஸுக்குக் கீழே போகாதீர்கள். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் போடுவார்கள். உறை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்றால் விலை கணிசமாகக் குறையும். அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே எடுத்து, பக்கத்தில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் ஆடி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். குரோஷியாவில் 2023 ஜனவரி 1 முதல் யூரோதான் நாணயம். முந்தைய நாணயமான குனாவில் விலை போட்ட பழைய விளம்பரம் கண்ணில் பட்டால் அது காலாவதியானது. ஏழு அங்குலத் தட்டு எடை குறைவு, தபால் செலவும் எல்.பி.யைவிடக் குறைவு. ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்து சேர்த்து வாங்கினால்தான் கணக்கு கட்டும்.

வந்ததும் ஓட்டிப் பார்க்காமல் முதலில் துடையுங்கள். காய்ச்சி வடித்த நீர், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, பள்ளம் போகும் வட்டத் திசையிலேயே துடைப்பது, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். மோனோ தட்டு என்றால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். மோனோ தட்டில் பாட்டு முழுதும் ஊசியின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. தூசியும் தேய்மானமும் உண்டாக்கும் மேல்கீழ் அசைவை ஸ்டீரியோ ஊசி சத்தமாக்கிவிடும். மோனோவுக்கு மாற்றினால் அந்த மேல்கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். அன்றைய மோனோ தட்டுக்கு 25 மைக்ரான் உருண்டை முனை ஊசி பொருத்தம். வழக்கமான 18 மைக்ரான் ஊசியும் பழுதில்லாமல் ஓட்டும், ஆனால் தேய்ந்த பள்ளத்தின் அடியைத் தொட்டு இரைச்சல் கூட்டும்.

முதல் மாலைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 'பியான் ப்ளு ஃபோர்', உடனே 'முஸிகா இ தி'. பிறகு 'நோனோ, மோய் தோப்ரி நோனோ', முடிந்தால் 1970 பதிவு. இந்த மூன்றில் எதுவும் காதில் ஒட்டவில்லை என்றால் இவர் உங்களுக்கான பாடகி இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நஷ்டமும் இல்லை. மூன்றாவது மட்டும் ஒட்டினால் 1980 ஆல்பத்துக்குப் போங்கள். இரண்டாவதும் ஒட்டினால் ஒலிம்பியாவை மறுநாளைக்கு வையுங்கள். அதற்கு முழு மாலையும் வேண்டும்.